நாய் புகுந்த கூடு: மிச்சமிருக்கும் நாலு கோழியை எப்படித் தேற்றுவது?

நத்தம்_ரோட்டுக்காரி | ஞாயிறு, காலை 7:10

அவசரம். யாராவது விழித்திருந்தால் பதில் போடுங்கள்.

எங்கள் வீடு நத்தம் ரோட்டில், ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் இருக்கிறது. பதினொரு கோழி வைத்திருந்தேன், எல்லாம் சிறுவிடை, சின்ன உடம்பு நாட்டுக்கோழி. நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கல்லை வைக்க மறந்துவிட்டேன். விடியற்காலை நாலு மணி வாக்கில் சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்து செத்துக் கிடக்கின்றன. இரண்டைக் காணோம். நாலு உயிரோடு இருக்கின்றன.

சேவலுக்கு வால் மொத்தமும் போய்விட்டது. கருப்பிக்கு முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிகிறது. ஒரு வெடை (இளம் பெட்டை) இடது காலை ஊன்ற மாட்டேன் என்கிறது. அடைக்கோழிக்கு மட்டும் காயம் ஒன்றும் இல்லை, மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது. அது அடைகாத்த ஒன்பது முட்டைக்கு இன்றோடு பன்னிரண்டு நாள். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருக்கிறது.

அத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் கருப்பியை அறுத்துவிடலாம் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?


பஞ்சாரம் | ஞாயிறு, காலை 7:22

சுண்ணாம்பு வேண்டாம் அக்கா, வெந்த புண்ணாகிவிடும். அத்தையிடம் மஞ்சளை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அதற்கும் நேரம் வரும்.

நாலையும் தனித்தனியாகப் பிரியுங்கள், இப்போதே. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத்தான் தோன்றும், கூடப் பிறந்தது என்றெல்லாம் பார்க்காது. அட்டைப் பெட்டியோ, கோழி கவிழ்க்கும் பஞ்சாரக் கூடையோ எதுவானாலும் சரி. அடியில் பழைய வேட்டித் துணி விரியுங்கள். உமி, வைக்கோல் போடாதீர்கள், சதையில் ஒட்டிக்கொண்டு வராது. மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்கி, வீட்டுக்குள் சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். குழந்தைகள் எட்டிப் பார்க்கக் கூடாது.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கொட்டவில்லை என்றால் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். கடிபட்ட கோழி காயத்தால் மட்டும் இல்லை, அதிர்ச்சியிலும் சாகும். நாம் தூக்கித் தூக்கிப் பார்ப்பதே அதற்கு இன்னொரு நாய்.

முட்டையைப் பக்கத்து வீட்டில் அடைக்கோழி இருந்தால் அதன் கீழே வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் ஆறியிருந்தாலும் பொரிக்க வாய்ப்பு உண்டு.


கட்டுச்சேவல் | ஞாயிறு, காலை 7:40

முதுகுத் தோல் கிழிந்ததற்கெல்லாம் யாராவது கோழியை அறுப்பார்களா? சண்டைக்கு வளர்க்கும் எங்கள் பெருவிடைச் சேவல்களுக்கு இதைவிட மோசமாகக் கிழியும். ஊசி நூல் வைத்து நாலு தையல் போட்டால் பத்து நாளில் சேர்ந்துவிடும். வலிக்கு நமக்குக் கொடுக்கிற டைக்ளோஃபெனாக் மாத்திரையில் கால் துண்டு போதும். நான் பலமுறை கொடுத்திருக்கிறேன்.


ஓய்வு_ஆய்வாளர் | ஞாயிறு, காலை 8:05

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் மேலே தம்பி சொன்ன மாத்திரை. அதைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. டைக்ளோஃபெனாக்கை மாட்டு வைத்தியத்தில் இருந்து அரசாங்கம் 2006-லேயே எடுத்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2023-ல் கீட்டோபுரோஃபென், ஏசிக்ளோஃபெனாக் இரண்டையும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். கோழியின் சிறுநீரகத்துக்கும் டைக்ளோஃபெனாக் ஆகாது. பறவைக்குக் கொடுக்கத் தக்க வலி மருந்து மருத்துவரிடம் இருக்கிறது, எடை பார்த்துக் கொடுப்பார்.

தையல் பற்றி. கட்டுச் சேவலுக்குக் கத்தியோ முள்ளோ பட்டது சுத்தமான வெட்டு, சூடு ஆறுவதற்குள் தைக்கலாம். நாய்ப் பல் பட்டது வேறு. எச்சிலும் மண்ணும் உள்ளே போயிருக்கும். அதன்மேல் தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். திறந்தே ஆறட்டும். கோழித் தோல் உடம்போடு இறுக ஒட்டியிராது, அதனால்தான் பார்க்கப் பயங்கரமாகக் கிழிகிறது. ஆறுவதும் நீங்கள் நம்ப முடியாத அளவுக்கு ஆறும். கருப்பியை அறுக்க வேண்டாம்.

கழுவும் முறை: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு. ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் உறிஞ்சிப் புண்ணின் மேல் பீய்ச்சி, தூசி, இறகுத் துண்டு எல்லாம் போகும்வரை அடியுங்கள். பஞ்சால் தேய்க்காதீர்கள். பிறகு பொவிடோன் அயோடின் கரைசலைப் பால் விடாத இளந்தேநீர் நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து ஒரு தடவை ஊற்றுங்கள். அப்படியே பாட்டிலில் இருந்து ஊற்ற வேண்டாம். புண்ணைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரியுங்கள், பிடுங்காதீர்கள். அதிலும் தண்டு நீலமாகத் தெரியும் இளம் இறகு என்றால் விட்டுவிடுங்கள், அதற்குள் ரத்தம் ஓடும்.

எனக்குக் கருப்பியைவிட அந்த அடைக்கோழிதான் கவலை. காயம் தெரியாத கோழி என்று ஒன்று நாய் புகுந்த கூட்டில் கிடையாது. பல் இறங்கிய துளை அரிசி அளவுக்குத்தான் இருக்கும், இறகு அதை மூடிவிடும். வெளிச்சத்தில் வைத்து, இறகை வாயால் ஊதி ஊதிப் பிரித்துப் பாருங்கள். இறக்கைக்கு அடியில், தொடை இடுக்கில், வயிற்றில்.

இன்னொன்று. அது தெருநாயா வளர்ப்பு நாயா, ஊசி போட்டதா என்று தெரியாது. நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக் காயம் இருந்து எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.


மாடிக்கோழி | ஞாயிறு, காலை 8:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் மொட்டை மாடியில் நாலு கோழி வைத்திருக்கிறேன். நாய் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கீரியாக இருக்கலாமே?


பஞ்சாரம் | ஞாயிறு, காலை 8:41

கீரி பகலில் திரியும். விடியற்காலை நாலு மணிக்கு அது பொந்தில் தூங்கும். ராத்திரி என்றால் மரநாய், காட்டுப்பூனை, நாய். காட்டுப்பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நாய் விளையாட்டுக்குக் கொல்லும், தின்னாது, கூடு முழுக்க இறகு பறந்து கிடக்கும். அக்கா, செத்ததைத் தின்றிருக்கிறதா?


நத்தம்_ரோட்டுக்காரி | ஞாயிறு, மதியம் 12:15

ஒன்றைக்கூடத் தின்னவில்லை. கதவுப் பலகைக்குக் கீழே பறித்த மண்ணில் நாய்க் காலடி பளிச்சென்று இருக்கிறது. இரண்டு நாயாக இருக்கும் போல.

எல்லாம் செய்துவிட்டேன். நாலும் நாலு இடத்தில். கருப்பியைக் கழுவும்போது சத்தமே போடவில்லை, கண்ணை மட்டும் வெள்ளைத் தோலால் மூடி மூடித் திறந்தது. கழுவிய பிறகு பார்த்தால் சதை ரோஜா நிறத்தில் ஈரமாக இருந்தது, நாற்றம் இல்லை. வெடைக்கு எலும்பு முறியவில்லை, முட்டியில் வீக்கம். சேவலுக்கு வால் இருந்த இடத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளி. அடைக்கோழியின் இரண்டு இறக்கைக்கு அடியிலும் முதுகிலும் நெஞ்சிலும் ஊதிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை ஐயா.

தண்ணீர் யாரும் குடிக்கவில்லை. வாயைத் திறந்து ஊற்றலாமா? முட்டையைக் கீழ வீட்டு அடைக்கோழியிடம் கொடுத்தாயிற்று.


ஓய்வு_ஆய்வாளர் | ஞாயிறு, மதியம் 12:50

ஊற்றவே கூடாது. கோழிக்கு மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. தலை தொங்கும் கோழிக்கு ஊற்றினால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது நாக்கால் இழுத்துக்கொண்டால் அடுத்த சொட்டு. மருந்துக் கடையில் நமக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்து இன்று மட்டும் அதைக் கொடுங்கள். நாளையில் இருந்து வெறும் தண்ணீர்.

இப்போது பனிக்காலம், ராத்திரி சூடு வேண்டும். பெட்டியின் ஒரு ஓரத்தில் 40 வாட்ஸ் குண்டு பல்பு போதும். மறு ஓரம் குளிர்ந்தே இருக்கட்டும், வேண்டாம் என்றால் அதுவே நகர்ந்துகொள்ளும்.


ரெங்கவிலாஸ் | ஞாயிறு, மதியம் 2:20

செத்த ஐந்தையும் உடனே சுத்தம் செய்து குழம்பு வைத்திருக்கலாம். ஒரு கிலோ நாட்டுக்கோழி என்ன விலை விற்கிறது! எங்கள் அப்பத்தா எல்லாம் அப்படித்தான் செய்யும்.


ஓய்வு_ஆய்வாளர் | ஞாயிறு, மதியம் 2:45

ரத்தம் வடியாமல் செத்தது, எப்போது செத்தது என்று தெரியாதது, என்ன நாய் கடித்தது என்றும் தெரியாதது. மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அத்தை குழைத்த சுண்ணாம்புக்கும் வேலை வந்தாயிற்று. மேலோட்டமாகப் புதைத்தால் அதே நாய் இன்று ராத்திரி தோண்ட வரும். புதைக்காவிட்டாலும் வரும், ருசி கண்டுவிட்டது.


நத்தம்_ரோட்டுக்காரி | திங்கள், காலை 6:50

வந்தது. இரண்டு மணிக்கு. கூடு காலி, எல்லாம் வீட்டுக்குள் இருந்ததால் தப்பித்தோம். வீட்டுக்காரர் விரட்டிவிட்டார்.

கருப்பி நனைத்த கம்பு ஒரு கைப்பிடி தின்றது! அடைக்கோழி நாலைந்து சொட்டுத் தண்ணீரோடு சரி. இன்னொரு பயம்: கருப்பி, அடைக்கோழி இரண்டும் பச்சையாகக் கழிகின்றன. வெள்ளைக் கழிச்சல் நோய் (ராணிக்கெட்) வந்துவிட்டதா?


பஞ்சாரம் | திங்கள், காலை 7:15

தின்னாமல் கிடந்த கோழி பச்சையாகத்தான் கழியும் அக்கா, வெறும் வயிற்றில் பித்தம் இறங்குவது அது. இரை எடுத்ததும் மாறும். மாறாமல் கழுத்து முறுக்கினாலோ, கொட்டாவி விடுவது மாதிரி மூச்சு வாங்கினாலோதான் வெள்ளைக் கழிச்சல் சந்தேகம். தடுப்பூசி போட்ட கோழிகள்தானே?


நத்தம்_ரோட்டுக்காரி | திங்கள், காலை 7:18

போட்டது. எட்டாவது வாரத்தில்.


வவுனியா_வளவு | திங்கள், காலை 10:05

வணக்கம். எங்கட வளவில் ஊர்க்கோழிகள் நிற்கின்றன, இஞ்சை மரநாய்த் தொல்லைதான் கூட. ஒரு விடயம் சொல்ல வேணும். காணாமல் போன இரண்டையும் செத்தது என்று கணக்கெழுத வேண்டாம். போன வருசம் எங்கட பேடு ஒன்று மூன்றாம் நாள் பற்றைக்குள் இருந்து தானாகவே வந்தது. விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் வழமையாகத் தீன் போடுகிற சத்தத்தைப் போடுங்கோ. கூப்பிடுகிற குரலை மாற்ற வேண்டாம்.

கடிபட்டவற்றைத் தடவிப் பார்க்கும்போது தோலுக்குக் கீழ் காற்று நிற்கிறதா என்றும் பாருங்கோ. அமர்த்தினால் நொறுநொறு என்று இருக்கும். காற்றுப்பை ஓட்டையானால் கோழி பலூன் மாதிரி ஊதும். சின்னதென்றால் தானே வற்றிவிடும், பெரிதென்றால் மிருக வைத்தியர்தான் ஊசியால் எடுத்துவிட வேணும்.


நத்தம்_ரோட்டுக்காரி | செவ்வாய், மாலை 6:30

ஒரு நல்லது, ஒரு கெட்டது.

வவுனியா அண்ணா வாக்குப் பலித்தது. காலையில் தகர டப்பாவைத் தட்டி ‘பா பா பா’ என்றேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்து செம்பட்டைப் பெட்டை தள்ளாடிக்கொண்டு வருகிறது. ஒரு கீறல் இல்லை. தண்ணீர்ச் சட்டியில் வைத்த அலகை எடுக்கவே இல்லை.

கெட்டது அடைக்கோழி. மதியம் சாக்கைத் தூக்கினேன், நாற்றம். பச்சை ஈ இரண்டு பறந்தது. வயிற்றின் அடியில், முட்டை போடும் இடத்துக்குக் கீழே, அந்தப் பஞ்சு மாதிரி இறகுக்குள் இரண்டு துளை. துளைக்குள் நெளிகிறது. ஞாயிறன்று எல்லா இடமும் பார்த்தேன், அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கவில்லை. ஐயா வயிறு என்றும்தான் எழுதியிருந்தார். நான் நெஞ்சோடு நிறுத்திவிட்டேன்.


ஓய்வு_ஆய்வாளர் | செவ்வாய், மாலை 6:42

உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துத் துளைக்குள் பீய்ச்சுங்கள், புழு வெளியே வரும். சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். மாட்டுக்குச் செய்வதுபோல் டர்பன்டைன் ஊற்றிவிடாதீர்கள், பறவை தாங்காது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து, துளையின் விளிம்பில் மட்டும் தொட்டு வைக்கலாம். உள்ளே விடாதீர்கள். விடிந்ததும் கால்நடை மருத்துவமனை. வண்டி இல்லை என்றால் 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடித்துக் கேளுங்கள்.

மற்ற மூன்றுக்கும் இன்று ராத்திரியே கொசுவலை போடுங்கள். ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். தினம் இரண்டு தடவை, மூக்கால் முகர்ந்தும் பாருங்கள்.


நத்தம்_ரோட்டுக்காரி | புதன், மதியம் 1:10

டாக்டர் பார்த்தார். பல் குடல் வரைக்கும் போயிருக்கிறது என்றார். ஊசி போட்டார். வரும் வழியில் மடியிலேயே போய்விட்டது.

மற்றவைகளையும் காட்டினேன். கருப்பிக்கு ஐந்து நாள் ஆண்டிபயாடிக், வலிக்குச் சொட்டு மருந்து. அது முடிந்து அவர் சொல்லும் நாள்வரை முட்டையைச் சாப்பிடக் கூடாதாம். முட்டை எங்கே போடப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.


கட்டுச்சேவல் | புதன், மதியம் 1:35

வருத்தமாக இருக்கிறது அக்கா. மாத்திரை பற்றி நான் எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்தக் கழுகு விஷயம் தெரியாது. தையல் பற்றி மட்டும் ஐயாவோடு இன்னும் கொஞ்சம் சண்டை பாக்கி இருக்கிறது, அதை வேறு இழையில் வைத்துக்கொள்கிறேன்.


ஓய்வு_ஆய்வாளர் | புதன், மதியம் 2:00

குடலைத் தொட்ட கடி அம்மா. ஞாயிறு காலையிலேயே துளையைக் கண்டிருந்தாலும் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கருப்பிக்கு இனிமேல் இரைதான் மருந்து. இறகே பெரும்பாலும் புரதம்தான், புதுத் தோலுக்கும் அதுதான் வேண்டும். அவித்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்தது கொஞ்சம். கருவாட்டுத் தூள் என்றால் உப்பு போகக் கழுவிக் காய வைத்தது மட்டும், கோழிக்கு உப்பு மிஞ்சினால் விஷம்.


பஞ்சாரம் | புதன், மாலை 5:20

எல்லாவற்றையும்விடக் கரையான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையைத் தூக்கினால் வெள்ளையாக அப்பியிருக்கும். நோஞ்சான் கோழிகூட அதைக் கண்டால் எழுந்து நிற்கும்.


நத்தம்_ரோட்டுக்காரி | சனி, காலை 9:00

கருப்பி புண் ஓரமெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வருகிறது, நடுவில் கருப்பாகப் பொருக்கு. அத்தையிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். மஞ்சளுக்கு எப்போது நேரம் வரும் என்று தினம் கேட்கிறார்.

தப்பு ஒன்று செய்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் கருப்பி தெளிவாக இருக்கிறதே என்று மற்றவைகளோடு விட்டேன். சேவல் சும்மா இருந்தது. அந்த நொண்டி வெடை, இத்தனை நாள் ஒற்றைக் காலில் நின்றது, நேராக வந்து புண்ணில் ஒரு கொத்து! ரத்தம் வந்துவிட்டது. மறுபடி பிரித்துவிட்டேன்.


ஓய்வு_ஆய்வாளர் | சனி, காலை 9:40

கூட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, யார் பெரியவர் என்ற கணக்கை அவை மறுபடி முதலில் இருந்து போட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் கம்பி வலை வைத்துப் பகலில் பக்கத்துப் பக்கத்தில் மேய விடுங்கள், பார்க்கலாம், கொத்த முடியாது. சிவப்பு முழுதாக மறைந்த பிறகு ஒருநாள் இருட்டியதும் கருப்பியைக் கொண்டுபோய் மற்றவை அடையும் இடத்தில் சேர்த்து உட்கார வையுங்கள்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சளுக்கு நேரம் வந்தாயிற்று, அத்தையிடம் சொல்லுங்கள். மாட்டுப் புண்ணுக்கு நாங்கள் சொல்லும் எண்ணெய்தான்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள் 20 கிராம், அரைத்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆற வைப்பது. கோழிக்கு அதில் கால்வாசி செய்தாலே மிஞ்சும். பொருக்கைச் சுற்றி மெல்லிசாகத் தடவுங்கள், ஊறும்படி ஊற்றினால் இறகெல்லாம் சடை பிடித்துவிடும்.


மாடிக்கோழி | சனி, காலை 10:15

சேவலுக்கு வால் திரும்ப வருமா?


பஞ்சாரம் | சனி, காலை 10:22

வேரோடு பிடுங்கியது சில வாரத்தில் முளைக்கும். பாதியில் ஒடிந்தது, அந்தத் தண்டு அடுத்து இறகு உதிர்க்கும்வரை அப்படியே நிற்கும். நாய் வேரோடு எடுத்ததில் அந்த ஒரு நன்மை.


நத்தம்_ரோட்டுக்காரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5:45

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா?

கருப்பிக்குத் தோல் மூடிவிட்டது. முதுகில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும் மொழுக்கென்று இருக்கிறது, சுற்றிலும் முள் முள்ளாக இறகு. சேவலுக்கு விரல் நீளத்துக்கு வால், பார்க்க வாத்து மாதிரி இருக்கிறது. வெடை நன்றாக ஓடுகிறது, கொத்துவதையும் விடவில்லை. ஒன்பது முட்டையில் ஆறு பொரித்து, கீழ வீட்டுக் கோழி தன் பிள்ளை என்று கூட்டிக்கொண்டு திரிகிறது. காணாமல் போன இன்னொன்று வரவே இல்லை. முட்டை இன்னும் யாரும் போட ஆரம்பிக்கவில்லை.

கூட்டைப் புதிதாகச் செய்துவிட்டோம். பழைய அறுகோணக் கம்பி வலையை நாய் பல்லால் பிய்த்திருந்தது, அதனால் இப்போது வெல்டு வலை, ஒரு அங்குலக் கண்ணி. சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையில் வெளிப்பக்கமாகப் படுக்க வைத்து மண் போட்டாயிற்று. கதவுக்குக் கல் இல்லை, கொண்டி.

பிரச்சினை என்னவென்றால் செம்பட்டை அதற்குள் போக மாட்டேன் என்கிறது. மற்ற மூன்றும் இருட்டினால் தானாகப் போய்விடும். இது மட்டும் மோட்டார் ரூம் சன்னலுக்கு மேலே இருக்கும் திண்டில் ஏறிக்கொள்கிறது. பிடித்துப் போட்டால் ராத்திரி முழுக்கக் கத்துகிறது, மற்றவையும் மிரள்கின்றன. நாலு நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மழை வந்தால் நனையுமே என்றுதான் கவலை.


பஞ்சாரம் | ஞாயிறு, மாலை 6:10

திண்டு எவ்வளவு உயரம் அக்கா?


நத்தம்_ரோட்டுக்காரி | ஞாயிறு, மாலை 6:12

என் தலைக்கு மேலே ஒரு முழம்.


பஞ்சாரம் | ஞாயிறு, மாலை 6:20

அப்படியென்றால் நாய் எட்டாது. மரநாய்தான் கவலை, திண்டுக்கு வழிவிடும் கிளை ஏதாவது இருந்தால் கழித்துவிடுங்கள். மேலே இரண்டு கீற்று செருகிக் கொடுங்கள். அங்கேயே இருக்கட்டும்.


நத்தம்_ரோட்டுக்காரி | ஞாயிறு, மாலை 6:55

முருங்கைக் கிளை ஒன்று இருந்தது, வெட்டியாயிற்று. கீற்றும் செருகியாயிற்று. ஏறுவதற்கு முன்னால் கீழே நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இப்போது ஏறிவிட்டது.